முப்பத்தொரு போன், ஒரே சாவி

1

போன வாரம் காலை, தேயிலை காயவைக்கும் டிரையர் சூடேறும் வரை ஓரமாக உட்கார்ந்திருந்தேன். போன் தானாக ஒரு படத்தைக் காட்டியது. ‘ஐந்து வருடங்களுக்கு முன் இதே நாள்’ என்று மேலே போட்டிருந்தது.

படத்தில் நான். கையில் சிவப்பு அட்டை. வாயெல்லாம் பல். எனக்குப் பின்னால் பந்தலில் ஆட்கள் சாப்பிடுகிறார்கள். ஓரத்தில் இந்திராணி அக்கா தட்டோடு நிற்கிறார். எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அவர் மட்டும் என் கையில் இருக்கும் அட்டையைப் பார்க்கிறார்.

ஐந்து வருடமாக அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. அவர் எதைப் பார்க்கிறார் என்று நான் பார்த்ததில்லை.

நம் ஊர் நூலக மலருக்குக் கம்ப்யூட்டர் பற்றி எழுதிக் கொடு என்று என் தம்பி கேட்டு ஒரு வருடம் ஆகிறது. “நீதானே அந்தப் பைத்தியம் பிடிச்சவன்” என்றான். எழுதுகிறேன். நான் எட்டாவது வரைதான். சுற்றி வளைக்கத் தெரியாது. கம்ப்யூட்டர் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். வேறு ஒன்றும் சேர்ந்து வருகிறது.

2

நான் இருப்பது கேமரன் மலை. ரிங்லெட் டவுனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மலேசியா வந்து இருபத்திரண்டு வருடம். முதலில் மலையடிவாரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினேன். பிறகு கோலா தெர்லாவில் லோரிக்கு முட்டைக்கோஸ் ஏற்றினேன். சாந்தாவை அங்கேதான் பார்த்தேன். இந்தத் தோட்டத்திலே பிறந்தவள். கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். தொழிற்சாலையில் டிரையர் வேலை கிடைத்தது. பச்சை இலை வாடி, உருண்டு, புளித்து என்னிடம் வரும். நான் காயவைத்து இறக்குவேன்.

எங்களுக்கு ஒரே மகள், தர்ஷினி.

கம்ப்யூட்டர் எப்படி வந்தது என்றால், தோட்ட ஆபிசில் பழைய பெட்டி ஒன்றை வெளியே வைத்தார்கள். கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, “தூக்கிட்டுப் போறதுன்னா போ, பழைய இரும்புக்காரன் வர்றதுக்குள்ள” என்றார். தலையில் வைத்துக் கொண்டுபோனேன். மழை. சாக்கால் மூடினேன். வீட்டில் பிரித்தேன். உள்ளே பூஞ்சை. பல் விளக்கும் பிரஷ்ஷால் துடைத்தேன். மூன்று வாரம் கழித்துத் திரையில் வெளிச்சம் வந்தது. தர்ஷினி அப்போது குழந்தை. வெளிச்சத்தைப் பார்த்துக் கை தட்டினாள். அன்றிலிருந்து எனக்கு இதுதான் பைத்தியம்.

3

தம்பி கேட்டது என் கருத்துகளை. சொல்லிவிடுகிறேன்.

வருடத்துக்கு ஒரு போன் மாற்றுவது வீண். பேட்டரி மாற்றினால் இன்னும் மூன்று வருடம் ஓடும். பின்மூடியைப் பசை போட்டு ஒட்டி விற்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. நாலு திருகாணி போட்டால் என்ன குறைந்துவிடும்? காசு கொடுத்தவன் திறக்க முடியாத பொருள் அவன் பொருள் இல்லை.

சார்ஜர் வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். எடையே இல்லை என்றால் உள்ளே சரக்கு இல்லை.

பழைய லேப்டாப் மெதுவாகப் போகிறது என்று எறியாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். இலவச லினக்ஸ் ஏற்றுங்கள். என் வீட்டில் ஓடுவது பதினைந்து வருடத்து லேப்டாப். ஒரு கீல் உடைந்ததால் மரக்கட்டை முட்டுக் கொடுத்திருக்கிறேன். ஓடுகிறது.

பெட்டி பிரித்துக் காட்டும் வீடியோக்கள் பார்ப்பேன். அந்தப் பையன்கள் புதுப் போனைத் தடவுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனாலும் பார்ப்பேன். கலர் லைட் எரியும் கீபோர்டு எனக்குத் தேவையில்லை. டக் டக் என்று சத்தம் வரும் கீபோர்டு மட்டும் பிடிக்கும். ஒன்று வைத்திருக்கிறேன். சாந்தாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது.

போன் தண்ணீரில் விழுந்தால் அரிசியில் போடு என்பார்கள். அரிசி பெரிதாக ஒன்றும் இழுக்காது. டிரையரிலிருந்து அப்போதுதான் இறங்கிய தேயிலை இழுக்கும். அதற்கு அவ்வளவு தாகம். ஆற விடவேண்டும். துணிப்பையில் போனைக் கட்டித் தேயிலைக்குள் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் சார்ஜர் ஓட்டைக்குள் தூள் போய்விடும். இரண்டு நாள். இது எந்த வீடியோவிலும் இல்லை. நான் கண்டுபிடித்தது.

லெம்பா பெர்த்தாம் பக்கம் சேற்று வெள்ளம் வந்த வருடம் அங்கிருந்து பை பையாகப் போன் கொண்டுவந்தார்கள். எல்லாம் சேறு. கழுவி, தேயிலையில் போட்டு, பாதிக்கு மேல் உயிர் கொடுத்தேன். ஒரு தாய் தன் பிள்ளை படம் திரும்ப வந்ததைப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தோட்டத்தில் எனக்கு ‘சிஃபு’ என்று பெயர். சீனர்கள் சொல்லும் சொல். குரு என்று அர்த்தம். இன்டர்நெட்டில் நான் இருக்கும் ஒரு குழுவிலும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் தேயிலை அள்ளுகிறவன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. வேண்டியதற்கு மேலே பிடித்திருந்தது.

4

சாவி கதைக்கு வருகிறேன்.

லைன் வீடுகளில், அதாவது தோட்டத்து ஆட்கள் இருக்கும் வரிசை வீடுகளில், எல்லார் கைக்கும் தொடுதிரைப் போன் வந்தபோது, போன் ஒரு மெயில் கணக்குக் கேட்டது. இங்கே வயதானவர்களிடம் மெயில் ஏது? பிறந்த தேதி கேட்கும். பாதிப் பேருக்குச் சரியாகத் தெரியாது. பழைய நம்பருக்குக் குறியீடு அனுப்பும். அந்த நம்பர் எப்போதோ செத்துப் போயிருக்கும். கணக்குத் திறந்து கொடுத்தாலும் ரகசியச் சொல்லை மறந்துவிட்டு மறுநாள் வாசலில் நிற்பார்கள்.

“சிஃபு, மறுபடி கேக்குதுலா.” இங்கே எந்தப் பேச்சுக்கும் வாலாக ஒரு ‘லா’ ஒட்டும்.

எனக்கு அலுத்துவிட்டது. ஒரே கணக்குத் திறந்தேன். எல்லார் போனிலும் அதையே போட்டேன். முப்பத்தொரு போன். ஒரே சாவி. சாவிச் சொல் நம் ஊர்ப் பெயர். பின்னால் மூன்று எண். இந்த மலையில் இருக்கிற சனம் நம் ஊரைக் கண்ணால் பார்த்ததில்லை. என்னைக் கேட்டுக் கேட்டு அந்தப் பெயரை விரலால் தட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

“எல்லாத்துக்கும் ஒரு சாவி போதும். திருட என்ன இருக்கு நம்மகிட்ட?” இது அப்போது என் கருத்து. தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தர்ஷினி பதினைந்து வயதில் ஒரு நாள் கேட்டாள்.

“பா, எல்லாருக்கும் ஒரே கணக்கா? அப்ப எல்லார் போட்டோவும் ஒரே எடத்துக்குப் போகும்லா.”

“போனா என்ன? பத்திரமாத்தானே இருக்கு.”

“யாரு பாக்குறா?”

“யாரும் பாக்கல.”

பொய். நான் பார்த்தேன். லேப்டாப்பைத் திறந்தால் முப்பத்தொரு வீட்டின் படமும் வரிசையாக வரும். கல்யாணம், காய்ச்சல், கட்டுப் போட்ட கால், பொங்கல் பானை, ஆபிஸ் கடிதம். மத்தியான இடைவேளையில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் பார்க்கக் கூடாது என்று தெரியும். தெரிந்தேதான் பார்த்தேன். லைன் முழுக்க என் உள்ளங்கையில் இருப்பது மாதிரி இருக்கும்.

இதை எழுதவே கூசுகிறது. எழுதிவிட்டேன்.

5

அட்டை பற்றிச் சொன்னால்தான் மீதி விளங்கும்.

இங்கே அடையாள அட்டைக்கு ‘ஐசி’ என்று பெயர். குடிமகனுக்கு நீல அட்டை. தங்கிக்கொள்ளலாம், ஆனால் குடிமகன் இல்லை என்றால் சிவப்பு. சிவப்புக்கு ஓட்டு இல்லை. பெண்டாட்டி இந்நாட்டுக்காரி என்பதால் நான் சிவப்புக்கு மனு போட்டேன். அதுவரை வருடா வருடம் குடியேற்ற ஆபிசுக்குப் பாஸ் புதுப்பிக்கப் போவேன். விடியும் முன்னே பஸ் ஏறி, நம்பர் எடுத்து, உட்கார்ந்து, ஒரு நகல் குறைகிறது என்று திரும்பி வருவேன். அங்கே மலாயில் பேசத் தெரியாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். தர்ஷினி ஏழு வயதிலிருந்து எனக்காகப் பேசினாள். கவுண்டர் உயரம்கூட இருக்க மாட்டாள். குதிகாலைத் தூக்கிக்கொண்டு பேசுவாள்.

பதினொரு வருடம் கழித்துச் சிவப்பு கிடைத்தது. பந்தல் போட்டுச் சோறு போட்டேன். அந்தப் படம்தான் போன வாரம் வந்தது.

இந்திராணி அக்கா எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் ஜொகூரில். அக்காவுக்கு நாற்றுப் பண்ணையில் வேலை. இதே லைன் வீட்டில் பிறந்தவர். அவர் அம்மாவும் இங்கேதான். பேறுகாலம் வீட்டிலே நடந்தது, யாரும் போய்ப் பதியவில்லை. பெரியவரான பிறகு அட்டை எடுக்கப் போனார். சிவப்பு கொடுத்தார்கள். இப்போது ஐம்பத்தெட்டு வயது. இன்னும் சிவப்புதான்.

இது லைனில் ஒருவருக்கும் தெரியாது. ஓட்டுப் போடும் நாளில் மற்றவர்களோடு வேனில் ரிங்லெட்டுக்கு இறங்குவார். கூட்டத்திலிருந்து ஒதுங்கிப் பாசாரில், அதாவது சந்தையில், உட்கார்ந்திருப்பார். திரும்பி வரும்போது இடது கை ஆள்காட்டி விரலில் மை இருக்கும். தோட்ட ஆஸ்பத்திரியில் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்து அது.

தெரிந்த ஒரே ஆள் என் மகள். போன வருடம் அக்காவுக்காக நீல அட்டை மனு எழுதியவள் அவள்தான். என் வீட்டு மேசையில் வைத்துத்தான் எழுதினார்கள். நான் உள்ளே வந்தால் காகிதத்தைக் கவிழ்த்துவிடுவார்கள்.

“என்னம்மா அது?”

“பொம்பளைங்க விசயம்பா. நீங்க போங்க.”

முந்தி ஒரு முறை மனு போட்டு வந்த மறுப்புக் கடிதத்தையும், அட்டையையும் தர்ஷினி அக்காவின் போனில் படம் எடுத்தாள். ஈப்போ டவுனில் இந்த மாதிரி மனுக்களுக்கு உதவி செய்கிற ஒருவருக்கு அனுப்ப. அக்காவின் போனில் இடம் பத்தாது என்று படமெல்லாம் கணக்குக்கு ஏறும்படி வைத்திருந்தவன் நான்.

ஒரு மத்தியானம் லேப்டாப்பில் அந்த இரண்டு படத்தையும் பார்த்தேன். சிவப்பு அட்டை. அக்காவின் முகம். பிறந்த இடம் என்று இந்த மாநிலத்தின் பெயர்.

நான் என்ன செய்தேன்? அடுத்த படத்துக்குத் தள்ளினேன்.

6

நம் ஊரைப் பற்றி ஒன்று. மூன்று வருடம் முன்பு வந்திருந்தேன். தர்ஷினியும் வந்தாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு போன் கடையில் நின்று, “இந்த பேட்டரி ரோசாக்கு தம்பி” என்றேன். கெட்டுப்போனது என்பதற்கு இங்கே பேசும் மலாய்ச் சொல். கடைக்காரப் பையன் விழித்தான். தர்ஷினி சிரித்துவிட்டாள். இங்கே என் பேச்சைக் கேட்டு ‘ஊர்க்காரன்’ என்கிறார்கள். அங்கே ‘எந்த ஊரு?’ என்கிறார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. தம்பி வீட்டில் ரேஷன் அட்டை கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். என் பெயர் இல்லை.

“எடுத்தாச்சுண்ணே. வெளிநாட்டுல இருக்குறவங்க பேரு இருக்கக் கூடாதாம்” என்றான் தம்பி.

“சரிதான்” என்றேன்.

சரியான காரியம்தான். ஆனால் அட்டையை மறுபடி ஒரு தடவை திருப்பிப் பார்த்தேன். அட்டையில் பெயர் இல்லாதது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவன் செய்திருந்தால் வேறு.

7

கோயில் திருவிழா. மண்டபத்தில் பெரிய டிவி. கோயில் தலைவர் மாணிக்கம் அண்ணன் வாங்கிப் போட்டது. அதில் இன்டர்நெட் பெட்டி மாட்டிக் கொடுத்தது நான். பெட்டியும் கணக்குக் கேட்டது. அதே சாவியைப் போட்டேன்.

சாப்பாட்டு நேரம். தர்ஷினி தன் போனை டிவியோடு இணைத்துச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டாள். பிறகு நிறுத்திவிட்டுப் பந்தியில் தண்ணீர் ஊற்றப் போனாள். டிவி சும்மா இருந்தது. சும்மா இருந்தால் அந்தப் பெட்டி கணக்கில் உள்ள படங்களை ஒவ்வொன்றாக ஓட்டும். அழகுக்காக. அதை நான் அணைத்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் மாணிக்கம் அண்ணன் படம் வந்தது. பழனிக்குப் போய் மொட்டை போட்டது.

“ஏய், அது என் மொட்டலா!”

“அண்ணே, டிவி பத்தல, தல பெருசா இருக்கு!”

மண்டபமே சிரித்தது. அடுத்து யார் வீட்டு நாயோ. அடுத்து ஒரு கல்யாணம். “சிஃபு ஏதோ புதுசா செஞ்சிருக்கான்” என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். இரண்டு நொடி.

பிறகு சிவப்பு அட்டை. சுவர் அகலத்துக்கு இந்திராணி அக்காவின் முகம்.

“இது நம்ம இந்திராணி ஐசிதானே?”

“ஏன் செவப்பா இருக்கு?”

“இங்க பொறந்தவதானே இவ?”

அடுத்து கடிதம். மலாய். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்ற வரி தடித்த எழுத்தில். ஒருவர் உரக்கப் படித்தார். பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது.

“அப்ப ஓட்டுப் போட்டேன்னு வெரலக் காட்டுவாளே, அது என்ன மை?”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அக்கா பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டியை வாளிக்குள் வைத்தார். வாளியைத் தரையில் வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். ஓடவில்லை. நடந்துதான் போனார்.

நான் பிளக்கைப் பிடுங்கினேன்.

“யாரு போன டிவில மாட்டுனது?” மாணிக்கம் அண்ணன் கத்தினார்.

“தர்ஷினிதான். பாட்டுப் போட்டுச்சு” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் கையில் தண்ணீர்ச் செம்பு.

“நான் பாட்டு மட்டும்தான் போட்டேன்” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த நொடியே எல்லாம் புரிந்துவிட்டது. நான் சொல்வேன் என்று பார்த்தாள்.

பிளக் என் கையில் இருந்தது. வாயைத் திறந்தேன்.

“ஒயர் சூடாயிருச்சு” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.

8

லைனில் பேச்சு ஒரே மாதிரி இருந்தது.

“படிச்ச திமிரு. மத்தவங்க மானத்தப் படம் போட்டுக் காட்டுது.”

“மனு எழுதித் தர்றேன்னு வாங்கி வச்சிக்கிட்டு இப்படியா?”

சாந்தா குழாயடிக்குப் போனால் பேச்சு நிற்கும். இந்திராணி அக்கா வேலைக்குப் போய் வந்தார், கதவைச் சாத்திக்கொண்டார். தர்ஷினி இரண்டு தடவை அந்தக் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை.

வீட்டில் தர்ஷினி என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினாள். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஈப்போவில் கம்ப்யூட்டர் படிக்க இடம் கிடைத்திருந்தது.

“நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன்பா.”

“சொல்றேன்மா. கொஞ்சம் பொறு.”

“எது வரைக்கும்?”

உண்மை என்னவென்றால் பயம். அடி விழும் என்று இல்லை. சிஃபு என்று இனி கூப்பிட மாட்டார்கள் என்று. ஒரு சொல்லுக்காக மகளை நிறுத்தி வைத்தேன்.

ஆறாம் நாள் அவள் பஸ் ஏறினாள். ரிங்லெட் வரை நான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க என் தோளைப் பிடிக்கவில்லை. பின்னால் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த வளைவுகளில் பிடிக்காமல் வருவது கஷ்டம்.

ஒரு பொட்டலம் புதுத் தேயிலை கொடுத்தேன். “போன் நனைஞ்சா...” என்று ஆரம்பித்தேன். “தெரியும்பா” என்றாள்.

பதினோராம் நாள் சாந்தா சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் என்னோடு உட்கார்ந்து பேசுகிறவள் இல்லை.

“நீங்க சொல்லப் போறீங்களா, நான் சொல்லட்டா?”

அது வெள்ளிக்கிழமை.

9

பூசை முடிந்து விபூதி கொடுத்த பிறகு மைக்கைக் கேட்டேன். நான் பார்த்துக்கொள்ளும் கோயில் ஜெனரேட்டர் பற்றிச் சொல்லப் போகிறேன் என்று நினைத்துக் கொடுத்தார்கள்.

சொன்னேன். எல்லார் போனும் ஒரே கணக்கு. எல்லார் படமும் ஒரே இடம். டிவியிலும் அதே கணக்கை நான்தான் போட்டேன். தர்ஷினி பாட்டு மட்டும்தான் போட்டாள். நான் தெரிந்தே பதினொரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அடிப்பார்கள், காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாணிக்கம் அண்ணன் தோளில் தட்டினார்.

“அட, மிசின் கோளாறுதானே சிஃபு? அதுக்கு நீ என்னா செய்வ? விடுலா.”

“ஆமாலா, நமக்கு உதவத்தானே செஞ்சான்” என்றார் இன்னொருவர்.

“என் போன்ல சத்தம் வரல, வந்ததுக்கு அப்படியே பாத்துடு” என்று ஒரு பாட்டி போனை நீட்டினார்.

முடிந்தது. நான் செய்தால் கோளாறு. என் மகள் செய்தால் திமிர். பதினொரு நாள் அவளைத் தின்ற வாய்கள் ஒரு நிமிடத்தில் என்னை விட்டுவிட்டன. சிஃபு என்ற பெயர்கூடப் போகவில்லை. அதைவிட அசிங்கம் எனக்கு நடந்ததில்லை. அந்தப் போனை வாங்கிச் சத்தத்தைச் சரிசெய்து கொடுத்தேன்.

வெளியே வந்து தர்ஷினிக்கு எழுதினேன். ‘சொல்லிட்டேன்.’ படித்துவிட்டாள் என்று காட்டியது. பதில் வரவில்லை. எனக்கும் வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

10

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகப் போனேன். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு. அவரவர் படத்தை அவரவரிடம் ஏற்றிக் கொடுத்தேன். எல்லாம் சேர்ந்து கிடந்தது. எது யாருடையது என்று பிரிக்க மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. அவர்களையே பக்கத்தில் உட்காரவைத்து அவர்களையே தள்ளச் சொன்னேன். முப்பது போனுக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

“பழைய சாவியே போடேன், அது நல்லா மனப்பாடம்” என்றார்கள் பலர். நம் ஊர்ப் பெயர். வேண்டாம் என்றேன்.

தனியாகச் சொல் வைக்கச் சொன்னால் சிரமம். “நீயே வையி, நீயே ஞாபகம் வச்சிக்க” என்பார்கள். வெளியே போய் நின்றுகொள்வேன். உள்ளே திட்டுவார்கள். தட்டுவார்கள். மறந்துவிட்டு மறுநாள் வருவார்கள். வரட்டும். இப்போது என் கருத்து அதுதான். சிரமமாக இருக்கட்டும்.

முப்பத்தொன்றாவது போன் வரவில்லை. நான் அந்த வாசலுக்கு இரண்டு தடவை போய்ச் செருப்பைக் கழற்றாமலே திரும்பினேன்.

நேற்று மத்தியானம் இந்திராணி அக்கா அவராகவே வந்தார். பண்ணையிலிருந்து நேராக. நகக்கண்ணில் மண். சாந்தா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனை மேசையில் வைத்தார். மனு எழுதிய அதே மேசை.

“தர்ஷினி சொல்லிச்சு, இதையும் மாத்திக்கணும்னு.”

“பேசுதாக்கா?”

“ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பேசும். மொதல்ல நான் எடுக்கல. நீ கோயில்ல சொன்னன்னு கேட்டப்பறம் எடுத்தேன்.”

என்னைப் பற்றிக் கேட்டாளா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

“மனு மறுபடி போடணுமாம். நேர்ல கூப்புட்டுக் கேள்வி கேப்பாங்களாம், மலாய்ல. அது லீவுக்கு வந்து கத்துக் குடுக்கிறேன்னு சொல்லியிருக்கு. எங்க வீட்டுல தங்கிக்கட்டுமான்னு கேட்டுச்சு.”

சாந்தா அடுப்பங்கரை நிலையில் நின்றாள். நான் தலையாட்டினேன்.

“அக்கா, அன்னிக்குப் பந்தல்ல...” என்று ஆரம்பித்தேன். சிவப்பு அட்டைச் சாப்பாட்டைச் சொல்ல வந்தேன்.

“சோறு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. ரெண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.” அவர் தன் இடது கை விரலைப் பார்த்தார். மண்தான் இருந்தது. “ஒண்ணு கேக்குறேன். டிவில வர்றதுக்கு முன்னாடியே நீ அதப் பாத்திருக்கியா?”

கோயிலில் நான் இதைச் சொல்லவில்லை. சாந்தாவிடமும் சொல்லவில்லை.

“பாத்தேன்.”

“எப்ப?”

“திருவிழாவுக்கு ஒரு மாசம் முன்னாடி.”

“மத்ததும் பாப்பியா? எல்லாத்தையும்?”

“பாப்பேன்.”

நிலையில் நின்ற சாந்தா உள்ளே போய்விட்டாள். அக்கா போனை என் பக்கம் தள்ளினார். புதுக் கணக்குத் திறந்தேன். பெயர் போட்டேன். பிறந்த தேதி அவரே சொன்னார். ரகசியச் சொல் கேட்கும் இடம் வந்தது. போனை அவர் பக்கம் தள்ளினேன். வெளியே போக எழுந்தேன்.

“ஒக்காரு. போனு பாதியில ஏதாச்சும் கேட்டா எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் திரும்பிக்க.”

நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சுவரில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்திருந்தது. பக்கத்தில் தர்ஷினி பள்ளிக்கூடத்தில் வாங்கிய சான்றிதழ். கண்ணாடி போட்டது. அதில் பின்னால் இருப்பது மங்கலாகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

“எத்தன எழுத்து வேணும்?”

“எட்டுக்கா. நம்பரும் ஒண்ணு வேணும்.”

ஒரு விரலால் தட்டுகிறார். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் வெகு நேரம். அழிக்கிறார். மறுபடி முதலிலிருந்து. தொழிற்சாலைச் சங்கு ஊதியது. நான் வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம்.

“முடிஞ்சுதாக்கா?”

“இரு. திரும்பாத.”